வலது வளைவில் மட்டும் விழும் ஆயில் பிரஷர் முள்

டிராக்கில் ஓட்டுவதற்காக என் மாஸ்டா எம்எக்ஸ்-5 (2003, 1.8 லிட்டர்) காரில் மூன்று வாரம் முன்பு ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் மீட்டர்கள் பொருத்தினேன். ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட். இரண்டு சென்சாரும் அதில்தான்.

சாதாரண ரோட்டில் குறையே இல்லை. டிராக்கில் நாலைந்து சுற்று போய் ஆயில் 120 டிகிரி தொட்டதும், நீண்ட வலது வளைவுகளில் மட்டும் பிரஷர் 60 பிஎஸ்ஐயிலிருந்து 20க்கு விழுகிறது. நேர்ப்பாதை வந்ததும் ஏறிவிடுகிறது.

முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்பட்டேன். ஒற்றை வயர் சென்சார், எர்த் கிடைப்பது அதன் மரை வழியாகத்தான்; அந்த மரையில் மின்சாரம் கடத்தாத டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தேன் (என் புத்தி!). டேப்பை எடுத்துவிட்டு, பிளேட்டிலிருந்து பிளாக்குக்குத் தனி எர்த் வயரும் போட்டேன். மாற்றமில்லை. அப்புறம் 5டபிள்யூ-30 ஆயிலுக்குப் பதில் அதைவிடக் கெட்டியான 10டபிள்யூ-40 ஊற்றினேன். ஆயில் மேல் கோட்டில்தான் நிற்கிறது. வண்டி நிற்கும்போது மெக்கானிக்கல் கேஜும் (மின் சென்சார் இல்லாமல் ஆயில் அழுத்தத்திலேயே இயங்கும் மீட்டர்) என் மீட்டர் காட்டும் அதே அளவைத்தான் காட்டுகிறது, ஆனால் வளைவில் நடப்பதை அது சொல்லாது. பேரிங் போய்விடுமோ என்று இப்போது டிராக் பக்கமே போவதில்லை.

சம்ப்பில் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கிறதா, இல்லை சென்சார் பொய் சொல்கிறதா என்பதை சம்ப்பைக் கழற்றாமல் எப்படி உறுதிசெய்வது?