நேட்டிக்கில் தண்ணீர் கொடுத்த அன்று சந்தித்த அம்மா

அமெரிக்காவில் வருஷந்தோறும் நடக்கும் 42 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயமான பாஸ்டன் மாரத்தானில் நான் ஓடியதில்லை. 2018 ஏப்ரலில் நேட்டிக்கில் தண்ணீர் மேசையில் தொண்டராக நின்றேன். பந்தயப் பாதை ஹாப்கிண்டனில் தொடங்கி ஆஷ்லாந்து, ஃபிரேமிங்ஹாம், நேட்டிக், வெல்லஸ்லி, நியூட்டன் என்று ஊர் ஊராக வந்து பாஸ்டனில் முடியும். அன்று சரியான மழை, எதிர்க்காற்று வேறு. குளிர் எலும்பு வரை இறங்கியது. குப்பைப் பையில் ஓட்டை போட்டு அதையே சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு ஓடி வந்தவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் என் முன்னால் வந்து நின்று ஜெல் பாக்கெட்டை (ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் இனிப்புக் கூழ்) நீட்டினார். விரல் மரத்துப்போய் அவரால் அதைக் கிழிக்க முடியவில்லை. நான் பல்லால் கடித்துத் திறந்து கொடுத்தேன்.

எனக்குப் பக்கத்தில் கோப்பை நிரப்பிக்கொண்டிருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. உள்ளங்கையில் வைத்து நீட்ட வேண்டும், இறுக்கிப் பிடித்தால் ஓடுகிறவர் எடுக்கும்போது பாதித் தண்ணீர் கொட்டிவிடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். முன்னணிப் பெண்கள் எங்களைக் கடந்தபோது அவர் போட்ட சத்தத்தில் நான் திரும்பிப் பார்த்தேன். "1966-லும் இப்படித்தான் கத்தினோம்" என்றார்.

அப்போது அவர் வெல்லஸ்லி பெண்கள் கல்லூரி மாணவி. கல்லூரி வாசல் வழியாகத்தான் பந்தயம் போகும், மாணவிகள் வரிசையாக நின்று ஆரவாரம் செய்வது அந்தக் காலத்திலேயே பழைய வழக்கம். அந்த வருஷம் ஒரு பெண்ணும் ஓடி வருகிறாள் என்ற பேச்சு, அவள் வருவதற்கு முன்பே கல்லூரிக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். வந்தவர் பாபி கிப், வயது 23. அனுமதி கேட்டு எழுதியவருக்கு, இவ்வளவு தூரம் ஓடப் பெண்ணுடம்பால் முடியாது என்று பதில் வந்திருந்தது. சான் டியாகோவிலிருந்து நாள்கணக்கில் பஸ்ஸில் வந்து, தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் புதருக்குள் ஒளிந்திருந்து, பாதி ஆண்கள் போனதும் கூட்டத்தோடு கலந்துவிட்டார். போட்டிருந்தது சகோதரனின் அரைக்கால் சட்டை. 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். ஓடிய ஆண்களில் பெரும்பாலானோர் அவருக்குப் பின்னால்தான்.

"எங்களில் சிலர் அழுதோம்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா கோப்பைகளை அடுக்கினார். அவர் கை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

அடுத்த வருஷம் 261 என்ற பந்தய எண்ணை மாட்டிக்கொண்டு ஓடிய கேத்ரின் சுவிட்சரைத்தான் எனக்கு முன்பே தெரியும். பெண் ஓடக்கூடாது என்று பந்தய அமைப்பாளர் ஜாக் செம்பிள் ஓடிவந்து அவரைப் பிடித்து இழுக்கும் புகைப்படத்தை யார்தான் பார்த்ததில்லை? அதே 1967 பந்தயத்திலும் கிப் ஓடினார், சுவிட்சருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால் முடித்தார். இது எனக்கு அன்றுவரை தெரியாது. புகைப்படம் இருப்பவர் கதை நிற்கிறது, இல்லாதவர் கதை தேய்கிறது. இதில் எனக்கு இன்றும் ஆதங்கம்தான். சுவிட்சரின் துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கிப்பின் பெயரையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1897-இல் 15 ஆண்களோடு தொடங்கிய பந்தயம் இது. பெண்களுக்கு முறைப்படி இடம் கொடுத்தது 1972-இல். அந்த வருஷம் நீனா குஷிக் ஜெயித்தார். கிப் 1966, 67, 68 மூன்றிலும் பெண்களில் முதலாவது என்று அமைப்பு ஒப்புக்கொண்டதோ 1996-இல், நூறாவது பந்தயத்தின்போது. "முப்பது வருஷம் எடுத்துக்கொண்டார்கள்" என்றார் அந்த அம்மா. அதைச் சொல்லும்போதுதான் குரலில் கோபம் தெரிந்தது.

நாங்கள் தண்ணீர் கொடுத்த அன்று பெண்களில் ஜெயித்தவர் அமெரிக்கரான டெஸ் லிண்டன், 2 மணி 39 நிமிடம் 54 விநாடி. அமெரிக்கப் பெண் ஒருவர் அங்கே ஜெயித்து 33 வருஷம் ஆகியிருந்தது. வழியில் இன்னொரு அமெரிக்க வீராங்கனை ஷலேன் ஃபிளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது, அவருக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தவர் இவர். இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ் மருத்துவமனை வேலையில் இருந்த செவிலியர். ஆண்களில் முதலாவது வந்த யூகி கவாவுச்சியும் ஜப்பானில் அரசு அலுவலகத்தில் முழுநேர வேலை பார்த்தவர்தான். செய்தி ஒவ்வொன்றாகப் போனில் வரவர, நான் வாசித்துச் சொன்னேன். லிண்டன் பெயரைக் கேட்டதும் அந்த அம்மா ஈரக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்புறம் ஒன்று. அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒரு தடவையாவது தொண்டராகப் போய் நில்லுங்கள். மாற்றுக் காலுறையும் நனையாத கையுறையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏப்ரல் என்று நம்பிவிடாதீர்கள். வயதானவர் யாராவது பக்கத்தில் நின்றால், எந்த வருஷத்திலிருந்து பார்க்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவரே சொல்லிவிடுவார்.