கோச்சுக்குக் காசு கொடுப்பது எதற்கு?

பீஷான் வாசி:
சிங்கப்பூரில் ஒரு ஜிம் கோச்சிடம் 20 வகுப்புகளுக்கு மொத்தமாகக் காசு கட்டி 11 முடித்துவிட்டேன். ஒரு கிலோகூடக் குறையவில்லை. கோச் நல்ல பையன்தான், ஆனால் நான் ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) போடும்போது எண்ணிக்கை சொல்லிக்கொண்டே ஒரு கண்ணைப் போனில் வைத்திருக்கிறான். என்ன சாப்பிடலாம் என்று இரவில் வாட்ஸ்அப் செய்தால் மறுநாள் மதியம்தான் பதில். வகுப்புக்கு 90 வெள்ளி. நான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

இரும்புக்கை:
நானும் கோச்தான். போன் பார்ப்பது தப்பு, அதில் பேச்சே இல்லை. எடை, வாட்ஸ்அப் இரண்டிலும் தப்பு உங்கள் பக்கம். வாரத்துக்கு 168 மணி நேரம், அதில் கோச் கையில் இருப்பது 2. மிச்ச நேரத்தில் ராத்திரி புரோட்டாவும் தே தாரிக்கும் போனால் அவர் என்ன செய்வார்? இத்தனை கிலோ குறைத்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுப்பவரிடம்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

ஈசூன் அக்கா:
தம்பி, 168 மணிக் கணக்கு எல்லா கோச்சும் சொல்வதுதான். அந்த 2 மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள், பலரிடம் பதில் இருக்காது.

எனக்கு 52 வயது, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறேன். முதலில் வந்த கோச் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கியதோடு சரி. மூன்றாம் வகுப்பில் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கியது. பையில் மிட்டாய் இருந்ததால் பிழைத்தேன். இப்போது வருகிற பெண் முதல் நாள் எடையைத் தொடவே விடவில்லை. என்ன மருந்து, பழைய முட்டி வலி, தூக்கம் எல்லாம் கேட்டுவிட்டு, பலதுறை மருந்தக டாக்டரிடம் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். இன்றும் சர்க்கரை அளவு பார்க்காமல் ஆரம்பிக்க மாட்டாள். எல்லாம் நோட்டில் ஏறும். தரையிலிருந்து எடை தூக்கும் டெட்லிஃப்ட் 20 கிலோவில் ஆரம்பித்து இப்போது 45. உடம்பு எடை குறைந்தது 2 கிலோதான், போகட்டும். அரிசி மூட்டையை நானே தூக்குகிறேன்.

கோப்பி ஓ:
கோச்சே எதற்கு? அரசாங்கத்தின் ஆக்டிவ்எஸ்ஜி ஜிம், யூடியூப், தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பயிற்சி) சார்ஜன்ட் கத்திச் சொல்லிக்கொடுத்த புஷ்-அப். போதாதா?

இரும்புக்கை:
ராணுவ உடற்தகுதித் தேர்வான ஐபிபிடிக்குப் புஷ்-அப், சிட்-அப், 2.4 கிலோமீட்டர் ஓட்டம். 20 வயதில் சரி. 45 வயதில் முதுகை வளைத்து எடை தூக்கினால் யூடியூப் எட்டிப் பார்த்துத் திருத்துமா அண்ணே?

அக்கா, முதல் நாள் கேள்விகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதை விடுகிறவன் கோச்சே இல்லை. ஆனால் ராத்திரி வாட்ஸ்அப்புக்கு உடனே பதில் வேண்டும் என்பதை நான் ஏற்கமாட்டேன். எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

பீஷான் வாசி:
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் தூக்கம் எவ்வளவு என்று அவன் கேட்டான். 7 மணி நேரம் என்றேன். 5 மணி தூங்கினாலே பெரிது. வாட்ஸ்அப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் என் பயிற்சிக் கணக்கை எழுதி வைத்திருக்கிறாயா என்று நேற்று கேட்டதற்கு, "எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு அண்ணே" என்று சிரிக்கிறான்.

ஈசூன் அக்கா:
அப்படியென்றால் மிச்சம் 9 வகுப்பும் முடியும்வரை அடுத்ததற்குக் காசு கட்டாதீர்கள். 2016இல் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் ஜிம்களை மூடியபோது முன்பணம் கட்டியவர்கள் அலைந்தது மறந்துவிட்டதா?

பீஷான் வாசி:
மறக்கவில்லை அக்கா. நாளைக் காலை 7 மணிக்கு வகுப்பு. நோட்டை நானே வாங்கிக்கொண்டு போகிறேன். தூக்கக் கணக்கையும் திருத்திச் சொல்ல வேண்டும்.