டார்க் கன்வெர்ட்டர் முழுதாக உட்காரவில்லை: இன்னோவா கிரிஸ்டா ஆட்டோமேட்டிக்

வணக்கம். மதுரை ஒத்தக்கடையில் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். என்ஜினின் பின்பக்க ஆயில் சீலை மாற்றுவதற்காக 2017 மாடல் இன்னோவா கிரிஸ்டா 2.8 டீசல் ஆட்டோமேட்டிக்கின் கியர்பாக்ஸைச் சென்ற வாரம் இறக்கினோம். திரும்ப ஏற்றும்போது பெல் ஹவுசிங் (கியர்பாக்ஸின் முன்பக்க மணி வடிவக் கூடு) என்ஜினோடு சேராமல் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி நிற்கிறது. போல்ட்டை முறுக்கி இழுத்தால் கியர்பாக்ஸின் ஆயில் பம்ப் உடைந்துவிடும் என்பதால், வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், மறுபடி கீழே இறக்கி வைத்துவிட்டேன்.

என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைத் தள்ளிக்கொண்டே சுழற்றினால் இரண்டு முறை ‘டக்’கென்று இறங்குகிறது. அதனால் அதற்குள் பொருந்தும் ஸ்டேட்டர், இன்புட் ஷாஃப்ட் ஆகியவற்றின் பற்கள் பிடித்துவிட்டன, பம்ப்பை ஓட்டும் பள்ளத்தில் மட்டும் ஹப் (கன்வெர்ட்டரின் கழுத்துப் பகுதி) விழவில்லை என்று கருதுகிறேன். பெல் ஹவுசிங்கின் முகத்தில் குறுக்காக இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தால், நன்றாக உள்ளடங்கியிருக்க வேண்டிய கன்வெர்ட்டரின் போல்ட் மேடை ஏறக்குறைய ஸ்கேலைத் தொடுகிறது. ஹப்பிலும் சீலிலும் கியர் ஆயில் தடவிப் பார்த்தேன். என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பொருத்தும் டவல் பின்களையும் சரிபார்த்தேன். இடையில் வயர் எதுவும் சிக்கவில்லை.

கியர்பாக்ஸை வாய் மேலாக நிமிர்த்தி வைத்துச் சுழற்றினால் ஹப் தானாக இறங்குமா, அல்லது கன்வெர்ட்டரை வெளியே எடுத்து, பம்ப் கியரின் பள்ளங்களை முதலில் ஹப்புக்கு நேராகத் திருப்பி வைக்க வேண்டுமா?