வீட்டுக் கொம்பியூட்டரை நாமே திருத்தப் பழகுவது தேவையா?

அலைக்காற்று (வெள்ளவத்தை)

கொம்பியூட்டர் இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்பது என் கட்சி. எங்கள் மாடிக்குடியிருப்பில் ஒரு அன்ரியின் மெஷின், காலையில் போட்டால் திகதி பல வருஷம் பின்னுக்குப் போய் நிற்கும், வங்கித் தளத்தைத் திறந்தால் பாதுகாப்பில்லை என்று மறித்துவிடும். ஒரு கடையில் வைரஸ் என்று சொல்லி விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். திரும்பவும் அதே கதை. அப்புறம் போர்ட் (மதர்போர்ட்) போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். உண்மையில் போயிருந்தது போர்டில் ஒட்டினாற்போல் இருக்கிற சிஆர்2032 பட்டன் பற்றரி. 3 வோல்ட் சாமான், சில நூறு ரூபாய். பிளக்கைக் கழற்றியிருக்கிற நேரத்தில் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். திகதி பிழைத்தால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும், அதனால்தான் வங்கித் தளம் திறக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்கப் படிப்புத் தேவையில்லை. ரெம்மை (தற்காலிக நினைவகத் தகட்டை) கழற்றிப் பூட்டுவது, ஃபேன் தூசி எடுப்பது, எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத சேமிப்பகம்) மாற்றுவது, கேபிள் மாற்றிப் பார்ப்பது, இந்தப் பற்றரி. பாதிப் பிரச்சினை இதற்குள் முடிந்துவிடும். அதிலும் எங்களைப் போல கடலுக்கும் காலி வீதிக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஸ்க்ரூ கூடத் துருப்பிடிக்கிறது, ரெம்மின் கால்களில் பாசி பிடிக்காமல் இருக்குமா?

பெஞ்ச் பாஸ் (பம்பலப்பிட்டி)

தம்பி, அந்தக் கடைக்காரருக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் என் மேசைக்கு வருகிறதையும் கொஞ்சம் கேளுங்கள்.

2004இல் இருந்து இன்ரெல் டெஸ்க்டொப் ப்ரொசசர்களில் கம்பி இல்லை, கம்பியெல்லாம் போர்டின் சொக்கெட்டில் இருக்கிறது. சொக்கெட் எல்ஜிஏ 1700 வகை என்றால் 1700 கம்பி. வீடியோ பார்த்துவிட்டு "பேஸ்ட் மாற்றுகிறேன்" (ப்ரொசசருக்கும் மேலே சூடு தணிக்கிற உலோகத்துக்கும் நடுவில் பூசுகிற பசை) என்று தொடங்குவார்கள், ப்ரொசசரையும் சேர்த்துத் தூக்குவார்கள், கை தவறி அது மூலையால் விழும். பத்துக் கம்பி சாய்ந்தால் போர்ட் குப்பை. ஏஎம்டியின் ஏஎம்4 சொக்கெட் வேறு மாதிரி, கம்பி ப்ரொசசரில். பழைய பேஸ்ட் காய்ந்து இறுகியிருக்கும், ஹீட்சிங்கை, அதாவது அந்த உலோகத்தை, நேராக மேலே இழுத்தால் லொக் போட்டபடியே ப்ரொசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஹீட்சிங்கை இடமும் வலமுமாகத் திருகி எடுக்க வேண்டும் என்று அந்த வீடியோ சொல்லியிருக்காது.

இன்னொன்று. "பார்க்கிறதற்கே காசா?" இதைக் கேட்காத வாடிக்கையாளர் குறைவு. பிழையைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் போகும். அதற்கு ஒருவரும் காசு தர மாட்டார்கள். சாமான் மாற்றினால் மட்டும் தருவார்கள். அப்போது கடை எதைச் செய்யும்? சாமானைத்தான் மாற்றும். பொய் சொல்கிற கடை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதிப் பேர் பொய் சொல்லவில்லை, தேடிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

கணக்கு டீச்சர் (கொட்டாஞ்சேனை)

பாஸ், நீங்கள் சொன்னது உங்களுக்கே எதிராகத் திரும்புகிறதே. தேடிப் பார்க்கக் கடைக்கு நேரமில்லை என்றால், தேடுகிற வேலையை வீட்டில் செய்துகொண்டு போவதுதானே புத்தி? ப்ரொசசரைக் கழற்றச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. "ஒரு ரெம்மை மட்டும் போட்டால் வேலை செய்கிறது, மற்றதைப் போட்டால் திரை வரவில்லை" என்று எழுதிக்கொண்டு வருகிற ஆளிடம் போர்ட் போய்விட்டது என்று யார் சொல்லப் போகிறார்கள்?

பழகுகிற முறைதான் பிழை. வேலை செய்கிற மெஷினில் பழகினால் இழப்பு. புறக்கோட்டையில் செத்த மெஷின், பழைய போர்ட் என்று நிறையின் விலைக்கே கிடைக்கிறது. ஏஎல் எழுதிவிட்டு முடிவு வரும், கம்பஸ் வரும் என்று வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். முழுவதும் கழற்றட்டும், திரும்பப் பூட்டட்டும். முன்பக்கப் பட்டனுக்குப் போகிற அந்தச் சின்ன வயர்களை எங்கே குத்துவது என்று தேடித் தேடிப் பூட்டினால் பிறகு மறக்காது. (பெண்பிள்ளைகளுக்கும்தான். "மகன் வந்ததும் பார்ப்பான்" என்று மகள் பக்கத்தில் இருக்கும்போதே சொல்கிற வீடுகளை எனக்குத் தெரியும்.)

மருதானை மச்சான்

எல்லாரும் எந்த வருஷத்தில் இருக்கிறீர்கள்? டெஸ்க்டொப் வைத்திருக்கிற வீடு எத்தனை? இப்போது மெல்லிய லெப்டொப்பில் ரெம்மைப் போர்டோடு சோல்டர் பண்ணி வைக்கிறான், சிலதில் எஸ்எஸ்டியும் அப்படித்தான். திறந்தால் உள்ளே கழற்ற ஒன்றுமில்லை. ஊதிப்போன லித்தியம் பற்றரியை ஸ்க்ரூ டிரைவரால் கிண்டித் தீப்பிடிக்க வைக்கிறதுதான் மிச்சம். பிள்ளைக்கு ஹார்ட்வெயார் பழக்குகிற நேரத்தில் கோடிங் பழக்கலாம், அதிலாவது சம்பளம் உண்டு.

அலைக்காற்று

மச்சான், ஊதின பற்றரி விஷயம் சரி. அதைக் குத்தவும் கூடாது, அமுக்கவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. மற்றதற்கு வருகிறேன்.

2022ஐ மறந்துவிட்டீர்களா? டொலர் சில மாதத்துக்குள் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது, புது மெஷின் என்ற பேச்சே இல்லை. அப்போது ஊரில் ஓடினதெல்லாம் வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்த செகண்ட் ஹேண்ட் மெஷின்தான். இன்றைக்கும் ஒன்லைன் வகுப்புக்கு எத்தனை வீட்டில் அதுதான் மேசையில் இருக்கிறது. அவற்றில் ரெம்மும் டிஸ்க்கும் கையால் கழற்றி மாற்றுகிற மாதிரித்தான் இருக்கும். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், இன்ரெல்லில் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசொப்ட் ஏற்கும். உடனே "உங்கள் மெஷின் இனிச் சரிவராது" என்று விற்கத் தொடங்கிவிட்டார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு ஒரு சாட்டா (பழைய இணைப்பு முறை) எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஏற்றினால் 4ஆம் தலைமுறை மெஷின் இன்னும் சில வருஷம் படிக்கப் போதும்.

ஆனால் வாங்கும்போது கண்ணால் பார்க்கத் தெரிய வேண்டும். போர்டில் நேராகக் குத்துகிற எம்.2 எஸ்எஸ்டியில் தங்கக்கால் வரிசையில் ஒரு வெட்டா இரண்டு வெட்டா என்று பாருங்கள். இரண்டு என்றால் பெரும்பாலும் சாட்டா, ஒன்று என்றால் பெரும்பாலும் என்விஎம்இ என்ற வேகமான முறை. உங்கள் போர்ட் எதை ஏற்கும் என்று தெரியாமல் வாங்கினால் பூட்டியும் காட்டாது. ரெம்மிலும் டிடிஆர்3 வகையின் வெட்டும் டிடிஆர்4 வகையின் வெட்டும் ஒரே இடத்தில் இல்லை, போகாததை அமுக்காதீர்கள். கொம்பியூட்டர் கடைகள் உள்ள யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி விலை கேட்கும்போது இதெல்லாம் தெரிந்திருந்தால் கடைக்காரர் பேசுகிற பேச்சே வேறு.

பெஞ்ச் பாஸ்

ரெம், எஸ்எஸ்டி மட்டும் என்றால் நான் சண்டைக்கு வர மாட்டேன். பிரச்சினை, அதோடு நிற்காது. ரெம் மாற்றினவருக்குத் துணிச்சல் வரும், அடுத்தது பவர் சப்ளையைத் திறப்பார்.

நமக்கு வருவது 230 வோல்ட் ஏசி. பவர் சப்ளைக்குள் அதை டிசியாக்கும்போது பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ நிற்கும். பிளக்கைக் கழற்றினாலும் உடனே இறங்கும் என்று நம்ப முடியாது. பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கிளிப்பால் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கிற விளையாட்டு எல்லாருக்கும் தெரியும். சுற்றினால் நல்லது என்று அர்த்தமில்லை. 12 வோல்ட் வயரில் 11.4இற்கும் 12.6இற்கும் நடுவில் இருக்க வேண்டும், அதுவும் லோட் இருக்கும்போது, அதாவது மெஷின் பவர் இழுக்கும்போது. மல்டிமீட்டர் இல்லாதவர் அதைச் சோதிக்கவே வேண்டாம், வேறு நல்ல பவர் சப்ளை ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூடியைக் கழற்றுவது கிடையவே கிடையாது.

அப்புறம் எர்த். பழைய வீட்டில், குறிப்பாக பின்னால் பலகை அடித்துப் பிரித்த அறைகளில், பிளக் பேஸில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் வயர் இருக்காது. கேசிங்கைத் தொட்டால் சுருசுரு என்று இருக்கிறது, அது கொம்பியூட்டர் பிழை என்று கொண்டுவருவார்கள். பவர் சப்ளையின் ஃபில்டரிலிருந்து வருகிற கசிவுக்குப் போக வழியில்லை, அதுதான் கேசிங்கில் நிற்கிறது. அதற்கு எலக்ட்ரிக் பாஸ்தான் வேண்டும், நான் இல்லை. ட்ரிப் ஸ்விட்ச் இருக்கிறதுதானே என்று எர்த்தை விட்டுவிடாதீர்கள்.

பயிற்சிக்கூடம்

தொழிற்பயிற்சியில் கற்பிக்கிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. வீட்டில் பழகுவதும் சரி, கடையில் எடுபிடியாக நின்று பழகுவதும் சரி, இரண்டிலும் ஒழுங்கு வராது. என்விக்யூ (தேசிய தொழிற் தகைமை) 4ஆம் தரத்தில் கொம்பியூட்டர் ஹார்ட்வெயார் டெக்னீஷியன் என்றே ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர் வகுப்புக்கு வராமலே திறனைக் காட்டிச் சான்றிதழ் எடுக்கவும் வழியுண்டு. கொம்ப்ரியா ஏ பிளஸ் (CompTIA A+) என்ற சர்வதேசச் சான்றிதழ் வேண்டுமென்றால் இரண்டு பரீட்சை, கட்டணம் டொலரில்.

அழிறப்பரால் ரெம் துடைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். தங்கப் பூச்சு மிக மெல்லியது, உரசினால் தேய்கிறது. துகள் ஸ்லொட்டுக்குள் போகிறது. ஐசோப்ரொப்பைல் அல்கஹோலும் பஞ்சு வராத துணியும் போதும்.

பெஞ்ச் பாஸ்

சேர், நீங்கள் வகுப்பில் சொல்வது வகுப்புக்குச் சரி. கடற்கரைப் பக்கம் இருந்து வருகிற ரெம்மில் பச்சை பிடித்திருக்கும், அல்கஹோலுக்கு அது அசையாது. வெள்ளை மென் அழிறப்பரால் நீளவாக்கில் மெதுவாக இழுத்து, பிரஷ்ஷால் தட்டி, அதன் பிறகு அல்கஹோல். மை அழிக்கிற கரடான பக்கத்தால் தேய்க்கிறவன்தான் பூச்சைத் தின்கிறான்.

பயிற்சிக்கூடம்

பூச்சு போனபடியால்தான் கீழே உள்ள செம்பு பச்சை பிடித்திருக்கிறது பாஸ். நீங்கள் துடைத்தால் இன்றைக்கு வேலை செய்யும், ஆறு மாதத்தில் திரும்ப வரும்.

பெஞ்ச் பாஸ்

ஆறு மாதம் ஓடினால் அந்தக் குடும்பத்துக்கு அது போதும் சேர். ஸ்டாட்டிக் (உடம்பில் தேங்கும் மின்சாரம்) பற்றியும் நீங்கள் வகுப்பெடுக்க முன்னர் சொல்லிவிடுகிறேன், கேசிங்கின் இரும்பைத் தொட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

பயிற்சிக்கூடம்

தொடுவது நல்லது. கொழும்பின் ஈரப்பதனில் ஸ்டாட்டிக் குறைவு என்று சிலர் அதையும் செய்வதில்லை. ஏசி அறையில் காற்று காய்ந்திருக்கும். நம் விரலுக்குச் சுரீர் என்று தெரிய ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும், சிப் சாவதற்கு அதில் சிறு பங்கு போதும். அதனால் ஒன்றும் உணரவில்லை என்பது அத்தாட்சி இல்லை. வெக்கியூம் கிளீனரைப் போர்டுக்குக் கிட்டக் கொண்டுபோகவும் வேண்டாம். ப்ளோவர் அடிப்பதென்றால் ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

மருதானை மச்சான்

அழிறப்பருக்கு இவ்வளவு சண்டை. இதற்குத்தான் கடைக்கே கொடுங்கள் என்கிறேன்.

புதுவரவு (தெஹிவளை)

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன், அவசரம். டெஸ்க்டொப்பின் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து டக் டக் என்று சத்தம். விண்டோஸ் வரவில்லை. மகளின் சின்ன வயதுப் படமெல்லாம் அதில்தான், வேறெங்கும் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று ஒருவர் சொன்னார், உண்மையா?

பெஞ்ச் பாஸ்

முதலில் அணையுங்கள். இனிப் போடவே வேண்டாம். டக் டக் என்றால் பெரும்பாலும் ஹெட் (தட்டைப் படிக்கிற முனை) இடம் தெரியாமல் அடிக்கிறது. ஒவ்வொரு முறை சுற்றும்போதும் தட்டு கீறுப்படலாம். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும், நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம்.

அலைக்காற்று

பாஸ் அண்ணா, சில நேரம் பவர் போதாமல் இருந்தாலும் அந்தச் சத்தம் வரும். வேறு சாட்டா பவர் கேபிளில் ஒரு தடவை போட்டு, சத்தம் இல்லையென்றால் லினக்ஸில் இருந்து டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் முழுப் பிரதி எடுத்துவிடலாமே?

பெஞ்ச் பாஸ்

உங்கள் டிஸ்க் என்றால் செய்யுங்கள். இது அவருடைய மகளின் படம். ஒரு தடவை என்று தொடங்குவது நாலாகும். டேட்டா மீட்கிறவரிடம்தான் போக வேண்டும், அது மலிவான வேலையும் இல்லை. விலை கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

புதுவரவு (தெஹிவளை)

அணைத்துவிட்டேன். முழு மெஷினையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக முடியாது. டிஸ்க்கை மட்டும் எப்படி வெளியே எடுப்பது? இதுவரை ஒரு ஸ்க்ரூவும் கழற்றியதில்லை.

பெஞ்ச் பாஸ்

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில செக்கன் அமுக்கிப் பிடியுங்கள். பின்பக்கம் ஒவ்வொரு ஓரத்திலும் இரண்டு ஸ்க்ரூ இருக்கும், கழற்றினால் பக்கத் தகடு பின்னால் சரியும். இரண்டு பக்கமும் கழற்றுங்கள், டிஸ்க்கின் ஸ்க்ரூ இரு புறமும் இருக்கலாம். அதில் இரண்டு கேபிள் இருக்கும், வயரைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்து நேராக இழுங்கள். சின்னக் கேபிளில் இரும்பு நாக்கு இருந்தால் அதை அமுக்கிக்கொண்டு. டிஸ்க்கின் மேல் மூடியில் இருக்கிற ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டாம்.

அலைக்காற்று

கழற்ற முன்னர் உள்ளே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, எந்தக் கேபிள் எங்கே இருந்தது என்று தெரியும். ஸ்க்ரூவை ஒரு கோப்பையில் போடுங்கள். டிஸ்க்கைத் துவாயில் சுற்றி, தட்டுப்படாத மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

புதுவரவு (தெஹிவளை)

நான் அக்கா இல்லை, அண்ணன்தான். சரி, ஒரு பக்கத் தகடு வந்துவிட்டது. மற்றப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகிவிட்டது, என்ன செய்யலாம்?

பெஞ்ச் பாஸ்

எண்ணெய் எதுவும் உள்ளே அடிக்க வேண்டாம். ஸ்க்ரூ டிரைவர் தலைக்குப் பொருந்துகிறதா பாருங்கள், சிறியதால் திருகினால் வெட்டு வழித்துவிடும். பெரிய ஸ்டார் டிரைவர் ஒன்றை நன்றாக அமுக்கிக்கொண்டு, முதலில் இறுக்குகிற பக்கம் கொஞ்சம் திருகுங்கள், பிறகு கழற்றுகிற பக்கம்.