1961 ஜூன் 25, நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப், பில் எவன்ஸ் மூவர் குழுவின் நேரடிப் பதிவு: உங்களை இன்னும் விடாத இடம் எது?

மந்தரம்:
அந்த நாளைப் பற்றித் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை, முன்கதை வேண்டாம். என்னை விடாதது ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ பாட்டில் தாளத்தின் மூன்றெண்ணிக்கை நாலாகும் இடம்.

ஆரம்பத்தில் பில் எவன்ஸின் பியானோவும் ஸ்காட் லஃபாரோவின் பேஸும் (நின்று மீட்டும் பெரிய கம்பி வாத்தியம்) மட்டும்தான். டிரம்ஸ் வாய் திறக்காது. மூன்றெண்ணிக்கை. பேஸ் கீழே நின்று தாங்காமல் மேலே ஏறிப்போய் மெட்டுக்கு எதிர்மெட்டு பாடும். மெட்டு ஒரு சுற்று முடிகிறது, டிரம்ஸ்காரர் பால் மோஷன் பிரஷ்ஷோடு உள்ளே வருகிறார், கணக்கு நாலாகிவிடுகிறது. நம்மூர்க் கச்சேரியில் நடை மாறினால் தாளம் அப்படியே நிற்கும், ஓர் அட்சரத்துக்குள் விழும் பங்குதான் மாறும். இங்கே ஆவர்த்தனத்தின் நீளமே மாறுகிறது. அப்படியும் மெட்டு அலுங்குவதில்லை. தொடையில் மூன்று மூன்றாகத் தட்டிக்கொண்டே கேளுங்கள், அந்த இடத்தில் கை ஒரு பக்கமும் பாட்டு ஒரு பக்கமும் போகும்.

இதே பெயர் கொண்ட ஆல்பத்தில் இருப்பது அன்றைய இரண்டாவது டேக், அதாவது அன்று இரண்டாவது முறை வாசித்தது. முதல் டேக்கும் குறுந்தட்டில் கிடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் திட்டம் ஒன்றுதான், பேஸ் போகும் பாதை வேறு என்பது தெரியும்.

இடதுகை:
பேஸ் அப்படி மேலே ஏற முடிவது எவன்ஸின் இடதுகையால். கார்டின் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக்கூட்டின்) ரூட்டை, அதாவது அதற்குப் பெயர் தரும் அடிஸ்வரத்தை, அவர் வாசிப்பதில்லை. பியானோ பழகுகிறவர்கள் இதைக் கையில் வைத்துப் பாருங்கள்.

டி மைனர் ஏழுக்கு: எஃப், ஏ, சி, ஈ. ஜி ஏழுக்கு: எஃப், ஏ, பி, ஈ. சி மேஜருக்கு: ஈ, ஜி, பி, டி. முதல் கார்டில் டி இல்லை, இரண்டாவதில் ஜி இல்லை, மூன்றாவதில் சி இல்லை. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போக ஒரே ஒரு விரல் அரை ஸ்வரம் இறங்குகிறது, மற்ற மூன்றும் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. அடுத்ததற்கு மூன்று விரல் இறங்கும், பி மட்டும் நிற்கும். கை தாவுவதே இல்லை. ‘எவன்ஸ் வாசிப்பு வழுக்கிக்கொண்டு போகிறது’ என்கிறார்களே, அதில் பாதி இதுதான்.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, உயரம். இந்த நாலு ஸ்வரமும் நடு சி-யை ஒட்டி இருக்க வேண்டும். ஓர் எட்டு ஸ்வரம் கீழே இறக்கினால் கூழாகிவிடும். இரண்டு, தனியாகப் பழகும்போது வெறுமையாகக் கேட்கிறதே என்று சுண்டுவிரலால் ரூட்டையும் சேர்த்துவிடுவார்கள். பிறகு பேஸ் வாசிப்பவர் பக்கத்தில் வந்தால் இரண்டு ரூட் மோதும், அவர் வேறு ஸ்வரத்தை எடுக்கவும் வழியிருக்காது. ரூட்டை மட்டும் போனில் பதிந்துகொண்டு அதன் மேல் பழகுவது நல்லது.

என்னைப் பிடித்துக்கொண்ட இடம் ‘சம் அதர் டைம்’ ஆரம்பம். இரண்டே கார்டு, சி மேஜரும் ஜி சஸ்ஸும், தொட்டில் மாதிரி. 1958 டிசம்பரில் எவன்ஸ் இதே பாட்டுக்கு முன்னுரையாக இதை வாசிக்கப் போய், அது தனியாகப் பிரிந்து ‘பீஸ் பீஸ்’ என்ற பாட்டு ஆனது. 1959-இல் மைல்ஸ் டேவிஸோடு எவன்ஸ் வாசித்த ‘ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்’ தொடங்குவதும் இதில்தான். 1961-இல் அந்த இரண்டு கார்டும் புறப்பட்ட பாட்டுக்கே திரும்பி வந்து சேர்கின்றன. பேஸ் நுழையும் முன் அந்தச் சில நொடிகள் போதும்.

பின்வரிசை:
‘மை ஃபூலிஷ் ஹார்ட்’. ஐந்து நிமிடம்கூட இல்லை. எவன்ஸ் மெட்டை விட்டு அதிகம் விலகுவதே இல்லை. அந்த நேரத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், கண்ணாடி கிளாஸ் மோதுகிறது. முன்னால் இப்படி ஒன்று நடக்கும்போது பேச எப்படி மனம் வந்தது? ஒவ்வொரு முறையும் அந்தக் கிளாஸ் சத்தத்தில் எனக்குப் பாட்டு அறுந்துவிடுகிறது. இன்றைய தொழில்நுட்பத்தில் இதை எடுத்துவிட்டு வெளியிட்டால் என்ன?

நிலவறை:
பின்வரிசை, எடுக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஆரின் கீப்நியூஸ் தயாரித்த பதிவு இது. ஒலிப்பதிவாளர் டேவ் ஜோன்ஸ் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஆம்பெக்ஸ் இயந்திரத்தில் இரண்டே தடத்தில் பதிந்தார். கலவை அங்கேயே, அந்த நேரத்திலேயே முடிந்துவிட்டது. பியானோவுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று என்று பிறகு பிரித்துத் திருத்தத் தனித்தடம் கிடையாது. கிளாஸ் சத்தமும் சிம்பலின் ரீங்காரமும் ஏறக்குறைய ஒரே அலைவரிசைப் பரப்பில் கிடக்கின்றன. ஒன்றை அரித்தால் மற்றதன் வால் அறுந்துபோகும். ‘மை ஃபூலிஷ் ஹார்ட்’டில் மோஷன் செய்வதெல்லாம் அந்த வாலில்தான் இருக்கிறது.

இடத்தையும் நினைத்துப் பாருங்கள். செவன்த் அவென்யூ சவுத்தில் படி இறங்கிப் போகும் நிலவறை, 1935 முதல் அங்கேயே இருக்கிறது, கொள்வது 123 பேர். அன்று ஞாயிறு, இரண்டு வார நிகழ்ச்சியின் கடைசி நாள். மதியம் 2 சுற்று, மாலையிலிருந்து 3 சுற்று. நீங்கள் சொல்லும் பாட்டு மதியத்தின் முதல் சுற்றில் வந்தது. அதே சுற்றில் முதலில் எடுத்த ‘குளோரியாஸ் ஸ்டெப்’ நடுவில் மின்சாரம் போய்ப் பதிவு அறுந்தது. அறுந்தபடியே 2005-இல் வந்த முழுத்தொகுப்பில் அதைச் சேர்த்தார்கள். உண்மையில் அறுந்தது அது. கிளாஸ் சத்தத்தில் எதுவும் அறுவதில்லை.

ஈரக்காற்று:
எனக்கு அன்றைய பதிவிலிருந்து முதலில் வந்த ‘சண்டே அட் தி வில்லேஜ் வான்கார்ட்’ ஆல்பம்தான், அதிலும் கடைசிப் பாட்டு ‘ஜேட் விஷன்ஸ்’. லஃபாரோ தன் மரணத்தை முன்பே அறிந்து வாசித்தது போல இருக்கிறது. 25 வயது. ஜூலை 6-ஆம் தேதி கார் விபத்து. ஒவ்வொரு ஸ்வரத்திலும் விடைபெறுகிற துக்கம்.

நிலவறை:
ஈரக்காற்று, இதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த ஞாயிறுக்கும் விபத்துக்கும் நடுவே 11 நாள். அன்று மேடையில் இருந்த மூவருக்கும் அது இன்னொரு வேலைநாள். துக்கம் வாசிப்பில் இல்லை, தொகுப்பில் இருக்கிறது. மரணத்துக்குப் பிறகு எவன்ஸும் கீப்நியூஸும் உட்கார்ந்து, லஃபாரோ முன்னால் நிற்கும் டேக்குகளாகப் பார்த்து எடுத்தார்கள். முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் அவர் எழுதியவை. நடுவில் ‘சோலார்’ போல பேஸுக்கு நிறைய இடம் கிடைக்கும் வாசிப்புகள். மிச்சத்திலிருந்து 1962-இல் ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ ஆல்பம் வந்தது. அதில் மெதுவான பாட்டுகள் அதிகம், முதலில் காதில் விழுவது எவன்ஸ்.

அன்று பதிந்தது 13 பாட்டு, அறுந்ததையும் சேர்த்து 22 டேக். ஒரே நாள், ஒரே அறை, அதே மூன்று பேர். ‘இது பேஸ்காரரின் குழு’ என்றும் ‘இது பியானோ ஆல்பம்’ என்றும் பத்தி பத்தியாகச் சண்டை போடுகிறவர்கள் எந்த ஆல்பத்தை முதலில் கேட்டார்கள் என்று விசாரித்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். முழுத்தொகுப்பை வாசித்த வரிசையிலேயே ஒருமுறை கேளுங்கள். ‘ஜேட் விஷன்ஸ்’ இரவின் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது. புதுப் பாட்டைச் சரியாகப் பிடிக்க வேண்டும் என்று மறுபடி வாசிக்கிறார்கள். அதில் விடைபெறுதலை நான் கேட்கவில்லை, உழைப்பைத்தான் கேட்கிறேன்.

ஈரக்காற்று:
தொகுத்தவர்களின் துக்கமும் துக்கம்தானே. எவன்ஸ் அதன்பின் பல மாதம் வாசிக்கவே இல்லை. அவர் கை தேர்ந்தெடுத்த வரிசையில் அது எனக்குக் கேட்கிறது, நான் கேட்பது பொய்யில்லை.

நாலுகம்பி:
‘ஜேட் விஷன்ஸ்’ பேச்சு வந்ததால்: அது ஒன்பதில் போகும். ஒன்பது என்றதும் சங்கீர்ணம் என்று 4, 5 எனப் பிரித்து எண்ணினால் வழி தவறும். 3, 3, 3 என்று எண்ணுங்கள். மெதுவாகப் போவதால் நடுவில் விட்டுவிடுவோம். பேஸ் ஒற்றை ஸ்வரமாக வாசிக்காமல் இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டுகிறது, அந்தச் சேர்க்கைதான் பாட்டின் அஸ்திவாரம். அதையே எண்ணிக்கைக்குப் பிடித்துக்கொள்ளலாம்.

‘குளோரியாஸ் ஸ்டெப்’ இன்னும் மோசமான பொறி. 5 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சிறு சுற்று), மறுபடி 5 பார், பிறகு 10 பார், மொத்தம் 20. ஜாஸ் கேட்டுப் பழகிய காது 4, 8, 16, 32 என்றுதான் எதிர்பார்க்கும். நாலாவது பார் முடிந்ததும் ‘அடுத்த வரி’ என்று மனம் தாவிவிடும், அங்கேயே ஒரு பார் பிசகும். பிசகினால் துரத்திப் பிடிக்கப் பார்க்காதீர்கள். மெட்டின் முதல் வாக்கியம் திரும்ப வரும் இடத்தில் மட்டும் விரல் மடக்கி, இரண்டு முறை மடக்கியபின் பத்தை எண்ணுங்கள். சுற்று பிடிபட்ட பிறகு லஃபாரோவின் சோலோவைக் கேட்டால், அவர் பாரின் கோட்டை மதிக்காமல் தாண்டிப்போய் 20-இன் முடிவில் மட்டும் சரியாக வந்து இறங்குவது தெரியும். என்னை விடாத இடம் அந்த இறங்கல்.

அந்த வேகம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: வலதுகையில் இரண்டு விரலை மாற்றி மாற்றி மீட்டினார், கம்பிகள் விரல்பலகைக்கு நெருக்கமாக இருந்தன. கம்பி தாழ்ந்தால் விரலுக்கு வேகம் கூடும், சத்தம் குறையும். இன்னும் தாழ்த்தினால் பலகையில் உரசி ‘ஜிர்’ என்று இரையும். வாத்தியம் ஆபிரகாம் பிரெஸ்காட் 1825 வாக்கில் நியூ ஹாம்ப்ஷயரில் செய்தது. விபத்தில் அதுவும் நொறுங்கியது, பல வருடம் கழித்துப் பழுதுபார்த்து மீட்டார்கள். அதே 1961 பிப்ரவரியில் பதிந்த ‘எக்ஸ்ப்ளோரேஷன்ஸ்’ ஆல்பத்தில் இந்தப் பேஸ் இல்லை, மாற்று வாத்தியம். இரண்டையும் ஒப்பிட்டு ‘நாலே மாதத்தில் லஃபாரோ மாறிவிட்டார்’ என்று எழுதுகிறவர்கள் வாத்தியமே வேறு என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

முள்:
‘டீடூர் அஹெட்’டின் கடைசி நிமிடம்தான் எனக்கு. ஆனால் நிறைய பேர் அதைச் சரியாகக் கேட்டிருக்கவே மாட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாக.

‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ எல்.பி. இசைத்தட்டில் அது முதல் பக்கத்தின் மூன்றாவது பாட்டு, அதாவது உள்வட்டத்தில் விழுகிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில் தட்டின் வெளிவிளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடும். உள்ளே மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்துக்கு வரும்போது அது 21 செ.மீ. ஆகிவிடும். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடிக்கப்பட்டிருக்கிறது. உருண்டை முனை முள் அந்த நெளிவுகளுக்குள் இறங்காது, பியானோவின் மேல் ஸ்வரங்கள் கரகரக்கும். ‘பழைய பதிவு, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள். பழி பதிவின் மேல் இல்லை. நீள்வட்ட முனையாவது வேண்டும், இன்னும் மெல்லிய மைக்ரோலைன் முனை இருந்தால் இன்னும் நல்லது. கார்ட்ரிட்ஜுடன் (முள்ளைத் தாங்கும் தலைப்பகுதி) வரும் தாளில் முள்ளின் எடை 1.8 முதல் 2.2 கிராம் என்று போட்டிருந்தால் 2-இல் வையுங்கள். தட்டைக் காப்பாற்றுகிறேன் என்று எடையைக் குறைத்தால் முள் பள்ளத்தில் துள்ளி அதிகச் சேதம் செய்யும். முள்ளின் கோணத்தை உள்வட்டத்திலும் சரிபாருங்கள்.

அடுத்தது வேகம். தட்டு 1 சதவீதம் வேகமாகச் சுற்றினால் சுருதி அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஏறிவிடும். கூடவே வாசிக்க உட்கார்ந்தால் உங்கள் பியானோ ஒத்துவராது. ஸ்ட்ரோப் அட்டையை (வேகம் பார்க்கக் கோடுகள் அச்சிட்ட வட்டம்) தட்டின் மேல் வைத்து விளக்கொளியில் பாருங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 180 கோடு இருக்கும் வளையம் அசையாமல் நிற்க வேண்டும். இப்போதைய எல்.இ.டி. பல்பு பல வீடுகளில் அந்தக் கணக்கில் சிமிட்டாது. பழைய சோக் வைத்த டியூப்லைட்டில் பாருங்கள்.

ஸ்பீக்கர்: இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுங்கள். மூலையில் ஒட்டி வைத்தால் பேஸின் கீழ்க்கம்பி வீங்கி, லஃபாரோ ஒரே ஸ்வரத்தை வாசிப்பது போல ஆகிவிடும்.

போனில் கேட்பவர்களுக்கு: பேஸின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ். போனின் குட்டி ஸ்பீக்கர் 200-க்குக் கீழே ஏறக்குறைய ஊமை. மேல் ஸ்தாயி வாசிப்பு மட்டும் கேட்கும், கீழே இறங்கியதும் ஆளே காணாமல் போவார். ‘பேஸ் விட்டுவிட்டு வருகிறது’ என்ற புகாருக்குக் காரணம் இதுதான்.

இடதுகை:
முள், தட்டுச்சுழலி பற்றி யாரும் கேட்கவில்லையே. ‘டீடூர் அஹெட்’டில் அந்தக் கடைசி நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை.

முள்:
சரிதான். கடைசி நிமிடத்தில் மூவரும் ஒலியைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள், யாரும் முதலில் நிறுத்தத் தயாராக இல்லை. அந்தக் குறைந்த ஒலிதான் உள்வட்டக் கரகரப்பில் முதலில் காணாமல் போகும். அதனால்தான் அத்தனையும் எழுதினேன்.

மந்தரம்:
நாலுகம்பி, 5, 5, 10 பிடிபட்டது. ஒரு சந்தேகம்: பியானோ சோலோவிலும் அதே 20-தானா, இல்லை சோலோவுக்குச் சுற்றை நேராக்கிக்கொள்கிறார்களா?

நாலுகம்பி:
அதே 20தான், நேராக்கவில்லை. இரண்டாவது டேக்கில் பியானோ சோலோவின் முதல் சுற்றை மட்டும் எண்ணிப் பாருங்கள், விரல் மடக்கிக்கொண்டு.