கப்பல் பயணத்துக்குக் கட்டிய முன்பணம்: நாமே ரத்து செய்தால் திரும்ப வருமா?

கீழக்கரை வடக்குத்தெரு
2022 ஜனவரி 22, சனி, இரவு 8.40

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். மும்பையிலிருந்து பிப்ரவரி 25 கிளம்பும் கப்பலில் வீட்டு ஆட்கள் 6 பேருக்கு 2 கேபின் போட்டிருக்கோம். மொத்தம் 1,80,000 ரூபாய். நவம்பர் 20-ல் முன்பணம் 45,000 கட்டியாச்சு. ஏஜென்ட் கடை மெஷினில் கிரெடிட் கார்டு தேய்த்து 30,000, அவர் நம்பருக்கு ஜிபேயில் 15,000. மீதி 1,35,000-ஐ ஜனவரி 26-க்குள் கட்டணும்.

ஒமைக்ரான் ஏறிக்கிட்டே போகுது. வாப்பாவுக்கு வயசு 71, சுகரும் இருக்கு. இப்போதைக்குப் போக வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். ஏஜென்ட் சொல்றது: "ரத்துன்னு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடுங்க. கம்பெனியில் பேசி கிரெடிட் (அடுத்த பயணத்தில் கழிச்சுக்கிற வரவு) வாங்கித் தர்றேன். ரொக்கமா வராது. ஜிஎஸ்டி எப்படியும் திரும்பாது."

புக்கிங் தாளில் இருக்கும் பிடித்தம்: கிளம்ப 30 நாளோ அதுக்கு மேலோ இருந்தா 25%, 29 முதல் 15 நாள் வரை 50%, 14 நாளுக்குள்ள முழுசும். தேதி மாற்றம் ஒரு தடவை, 15 நாளுக்கு முன்னாடி கேட்கணும், கட்டண வித்தியாசம் தனி. கம்பெனியே பயணத்தை ரத்து செய்தா முழுப் பணமோ கிரெடிட்டோ, பயணி விருப்பம்.

அந்த ஒரு வரியை அனுப்பலாமா? மதுரை-மும்பை விமான டிக்கெட்டும் எடுத்தாச்சு, திரும்ப ரயில்.


பாம்பன் கரை
ஜனவரி 22, இரவு 10.15

தம்பி, அந்த வரியை அனுப்பாதீங்க. 1,80,000-ல் 25% சரியா 45,000. "ரத்து" என்று நீங்க எழுதின நிமிஷமே கட்டினது முழுக்கப் பிடித்தத்துக்குப் போயிடும். அதுக்கப்புறம் ஏஜென்ட் வாங்கித் தர்ற கிரெடிட் கம்பெனி மனசு வைத்துத் தர்றதுதான், நீங்க உரிமையா கேட்க முடியாது. இந்த விஷயத்தில் முதலில் பார்க்க வேண்டியது யார் ரத்து செய்தது என்பதைத்தான். கம்பெனி செய்தா பணம் உங்களுக்கு, நீங்க செய்தா அவங்களுக்கு.

அதுக்காகப் பேசாம இருந்தாலும் ஆபத்து. 26-ம் தேதி மீதி வரலைன்னா புக்கிங் தானா விழுந்துடும், அதையும் நீங்க ரத்து செய்த கணக்கில்தான் எழுதுவாங்க. மீதியைக் கட்டிட்டு "அவங்களே ரத்து செய்யட்டும்" என்று காத்திருக்கலாம். ஆனா 27-ம் தேதி காலையில் உங்க ஆபத்து 90,000 ஆகுது, பிப்ரவரி 11 முதல் 1,80,000. கப்பல் கிளம்பிட்டா அத்தனையும் போச்சு. வயசானவரை வைத்துக்கிட்டு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

மிச்சம் இருப்பது தேதி மாற்றம். அதுதான் உங்களுக்கு வழி. தாளில் 15 நாள் வரை நேரம் இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும், மீதி கட்டாத புக்கிங் 26-க்கு அப்புறம் உயிரோட இருக்காது. நாளை ஞாயிறு முழு ஊரடங்கு, 26 குடியரசு தினம். ஆக வேலை நாள் திங்களும் செவ்வாயும் மட்டும்தான். கடை பூட்டியிருந்தாலும் மெயில் போகும், அதனால இன்னைக்கு ராத்திரியே அனுப்பிடுங்க. ஏஜென்டுக்கும் கம்பெனிக்கும் ஒரே மெயில், வாட்ஸ்அப் வேண்டாம். வாசகம் இப்படி இருக்கட்டும்:

"புக்கிங் எண் ______. நாங்கள் இந்தப் பயணத்தை ரத்து செய்யவில்லை. தாளில் உள்ள ஒருமுறை தேதி மாற்றத்தைப் பயன்படுத்துகிறோம். கட்டிய 45,000 ரூபாயைப் புதிய தேதிக்கு அப்படியே மாற்றித் தரவும். கிரெடிட்டாக மாற்ற எங்களுக்குச் சம்மதம் இல்லை. புதிய தேதியில் கம்பெனி பயணத்தை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பதை எழுத்தில் உறுதி செய்யவும்."

கடைசி வரியை விட்டுடாதீங்க. தேதி மாற்றின புக்கிங்கை "திருப்பித் தர இயலாதது" என்று சத்தமில்லாம மாற்றிடுவாங்க. அதே மாதிரி "ஓப்பன் தேதி" என்று சொன்னா ஒத்துக்காதீங்க, அது கிரெடிட்டுக்கு இன்னொரு பேர். தேதி, கேபின் வகை, மீதி கட்ட வேண்டிய புதுக் கெடு மூணும் உறுதி மெயிலில் வரணும்.

"வாப்பாவை மட்டும் விட்டுட்டுப் போனா என்ன" என்று யோசிக்கிறதா இருந்தா: ஒரு கேபினில் முதல் ரெண்டு பேருக்குத்தான் முழுக் கட்டணம், மூணாவது ஆளுக்குப் பொதுவா குறைவு. அவரை எடுத்தா பெரிசா எதுவும் மிஞ்சாது. பாசிட்டிவ் வந்தவங்களுக்குச் சலுகைன்னு விளம்பரத்தில் போடுவாங்க. அது ஆர்டிபிசிஆர் முடிவு கையில் இருக்கிறவருக்கும் அதே கேபின்காரங்களுக்கும்தான், பயந்து நிற்கிறவங்களுக்கு இல்லை.


மண்டபம் கேம்ப்
ஜனவரி 23, ஞாயிறு, காலை 9.05

கார்டு பக்கத்தைச் சொல்றேன். நவம்பர் ஸ்டேட்மென்டை எடுத்து, அந்த 30,000-க்கு நேரா எந்தப் பேர் இருக்குன்னு பாருங்க. ஏஜென்ட் கடைப் பேர் இருந்தா, வங்கி வழியாப் பணம் கேட்க வேண்டியது அவர் மேலதான். கம்பெனி மேல சார்ஜ்பேக் (கார்டில் போன பணத்தை வங்கி வழியாத் திரும்பக் கேட்கிறது) போட்டா, அந்தக் கோரிக்கையை ஏற்காம அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க.

சேவை கிடைக்காமல் போனதுக்கு விசா கார்டில் 120 நாள் கெடு. அது பணம் கட்டின நாளிலிருந்து ஓடாது. சேவை கிடைக்க வேண்டிய தேதி, அல்லது கிடைக்காதுன்னு நீங்க தெரிஞ்சுக்கிட்ட தேதியிலிருந்து ஓடும். ஆனா பணம் போன நாளிலிருந்து 540 நாள் தாண்டக் கூடாது. தேதியைத் தள்ளித் தள்ளிப் போடுறவங்க கோட்டை விடுறது இந்த 540-ல்தான். உங்களுக்கு நவம்பர் 20-லிருந்து கணக்கு, 2023 மே நடுவில் முடியும். கிரெடிட்டுக்கு "சரி" அழுத்திட்டா சார்ஜ்பேக் கிட்டத்தட்ட செத்த மாதிரி. எதிர்த்தரப்பு அந்த மெயிலை வங்கிக்கு அனுப்பிட்டா போதும்.

ஜிபேயில் போன 15,000-க்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதுக்கு ஆதாரம்தான் காவல். 12 இலக்க யுடிஆர் எண்ணை (பணம் போனதுக்கான பரிமாற்ற எண்) எடுத்து வைங்க. "கப்பல் புக்கிங் எண் இன்னதுக்கு 15,000 வந்தது" என்று ஏஜென்ட் கையால் ஒரு ரசீதும் வாங்குங்க, கடைப் பேர், ஜிஎஸ்டி எண்ணோட.

இன்னொன்னும் செய்யுங்க. கம்பெனி உதவி எண்ணுக்கு நேரா அடிச்சு, "இந்தப் புக்கிங் எண்ணில் இதுவரை எவ்வளவு வரவு?" என்று கேளுங்க. மொத்தமா கேபின் பிடிச்சு வைக்கிற ஏஜென்டுகள் நம்ம பணத்தை முழுசா அங்கே கட்டியிருக்க மாட்டாங்க.

வங்கி 30 நாளில் பதில் சொல்லலைன்னா, இல்லை சொன்ன பதில் சரியில்லைன்னா, ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 முதல் எல்லாத்துக்கும் ஒரே திட்டம், ரிசர்வ் வங்கியோட சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் பதியலாம். உதவிக்கு 14448.


கீழக்கரை வடக்குத்தெரு
ஜனவரி 23, இரவு 9.30

பாம்பன் அண்ணே, மெயில் நேத்தே போயிடுச்சு. மண்டபம் அண்ணே, நீங்க சொன்னது சரியா இருந்துச்சு. கம்பெனி கணக்கில் 20,000தான் ஏறியிருக்கு. மே 6 கப்பலுக்கு மாற்றலாமாம், ஆனா முன்பணம் முழுசா வந்தாத்தான் மாற்றம் ஏறும்னு சொல்றாங்க. ஏஜென்ட் "செவ்வாய் பார்க்கலாம்" என்கிறார்.

மச்சானுக்கு இன்னொரு சிக்கல். 2020 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து கிளம்ப வேண்டிய கப்பல். ஜனவரியில் பணம் கட்டி, கம்பெனியே ரத்து செய்து, கிரெடிட்டா கிடக்குது. ரெண்டு வருஷம் ஆகப் போகுது, இனி கேட்க முடியாதா? ஊரடங்கில் ரத்தான விமான டிக்கெட்டுக்குப் பணம் திருப்பணும்னு உச்ச நீதிமன்றம் சொன்னது இதுக்கும் செல்லும்னு ஒருத்தர் சொன்னாராம்.


அரண்மனைவாசல்
ஜனவரி 24, திங்கள், காலை 7.20

முதலில், கம்பெனி கணக்கில் ஏறாத அந்த 25,000. பணத்தை வாங்கிக்கொண்டு புக்கிங்கில் ஏற்றாதது ஏஜென்டின் சேவைக் குறைபாடு. அதற்கும் ரத்து செய்தால் கம்பெனி பிடிக்கும் சதவீதத்துக்கும் சம்பந்தம் இல்லை. இன்றே அவருக்கு எழுதுங்கள்: "எங்களிடம் 45,000 வாங்கியிருக்கிறீர்கள், 20,000 மட்டும் கட்டியிருக்கிறீர்கள். மீதி 25,000-ஐ 25-ம் தேதி மாலை 5 மணிக்குள் ஏற்றி, கட்டிய ரசீதை அனுப்பவும். தவறினால் ஏற்படும் இழப்பு முழுவதும் உங்களைச் சேரும்." கம்பெனி அனுமதித்தால் அந்த 25,000-ஐ நீங்களே நேராகக் கட்டிப் புக்கிங்கைக் காப்பாற்றிக்கொண்டு, ஏஜென்டிடம் பிறகு வசூலிப்பதும் நல்ல வழி. அந்த ரசீது அவருக்கு எதிராக உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான சான்று.

ஜிஎஸ்டி திரும்பாது என்பது தவறு. சேவை நடக்காமல் முன்பணத்தைத் திருப்பும்போது, இன்வாய்ஸ் போட்டிருந்தால் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு), வெறும் முன்பண ரசீதாக இருந்தால் ரீஃபண்ட் வவுச்சர் (பணம் திருப்பியதற்கான சீட்டு) போட்டு, வரியை அவர்கள் சரிசெய்துகொள்ளவோ அரசிடம் திரும்பக் கேட்கவோ முடியும். 2020 ஏப்ரல் 13-ன் 137-ம் எண் ஜிஎஸ்டி சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவேளை பிடித்தம் செய்தாலும், துறைமுகக் கட்டணம், டிப்ஸ் போன்ற செலவாகாத தொகைகளைத் தனியாகப் பிரித்துக் கேளுங்கள். அதைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

வழக்கு என்று வந்தால் மும்பை போக வேண்டியதில்லை. தாளின் அடியில் "மும்பை நீதிமன்றத்துக்கு உட்பட்டது" என்று இருப்பதைப் பார்த்து மலைக்காதீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தின் 34-ம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நேரிலும் கொடுக்கலாம், இணையத்திலும் ஏற்றலாம். தேதிவாரியான பட்டியல், புகார், உறுதிமொழிப் பத்திரம், ரசீதுகள், மெயில்கள் வேண்டும். ஏஜென்ட், கம்பெனி இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால், இருக்கிறவர் இல்லாதவர் மேல் பழி போட்டுத் தப்பிப்பார். அதற்கு முன் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, 15 நாள் கெடு வைத்து ஒரு நோட்டீஸ்.

புகாரில் ஒரு சொல்லில் கவனம். "ஒப்பந்தமே நியாயமற்றது" என்று தலைப்புப் போட்டால் அது மாநில ஆணையத்துக்குப் போய்விடும், மாவட்டத்தில் எடுக்க மாட்டார்கள். "சேவைக் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை" என்றே எழுதுங்கள்.

மச்சான் விஷயம். 2020 அக்டோபர் 1-ல் உச்ச நீதிமன்றம் பிரவாசி லீகல் செல் வழக்கில் சொன்னது விமான டிக்கெட்டுக்கு மட்டும், கப்பலுக்கு அதை நீட்ட முடியாது. ஆனால் அவருக்குத் தனிப் பலம் உண்டு. ரத்து செய்தது கம்பெனி. செய்ய முடியாமல் போன ஒப்பந்தத்தில் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும் என்று 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகள் சொல்கின்றன. கிரெடிட்டை அவர் எழுத்தில் ஏற்றாரா, அவர்களாக ஏற்றிவிட்டார்களா என்று பழைய மெயில்களைத் தேடச் சொல்லுங்கள், எல்லாம் அதைப் பொறுத்தது. நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டுக் கெடு. ஆனால் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இந்த மாதம் 10-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதனால் அவருக்கு நேரம் இருக்கிறது. கார்டு வழி மட்டும் 540 நாளில் மூடிவிட்டது.

நேரம் இருக்கிறது என்று சும்மா இருந்துவிட வேண்டாம். கம்பெனி உயிரோடு இருக்கும்வரைதான் கிரெடிட்டுக்கு மதிப்பு. மும்பையிலிருந்து கப்பல் ஓட்டிய ஜலேஷ் நிறுவனம் 2020 அக்டோபரில் மூடியது, அதன் கர்ணிகா கப்பல் உடைக்க குஜராத்தின் அலாங் போய்ச் சேர்ந்தது. ஸ்டார், ட்ரீம் கப்பல்களின் தாய் நிறுவனமான கென்டிங் ஹாங்காங் போன வாரம் பெர்முடா நீதிமன்றத்தில் கலைப்பு மனு போட்டிருக்கிறது. மச்சானுடையது அந்தக் குழுமக் கப்பல் என்றால், கலைப்பு நடத்துபவர்களிடம், தனக்குப் பணம் வர வேண்டியவராகக் கோரிக்கை பதிய வேண்டியிருக்கும். பிணை எதுவும் இல்லாமல் பணம் கொடுத்தவர் என்பதால் வரிசையில் பின்னால்தான் நிற்பார். கூடவே, இங்கே பணம் வாங்கிய ஏஜென்ட் அதை முழுவதும் அனுப்பினாரா என்று இப்போதே கணக்குக் கேட்கட்டும். உங்கள் புக்கிங்கில் 25,000 நின்ற மாதிரி அங்கேயும் நின்றிருக்கலாம்.


பாம்பன் கரை
ஜனவரி 24, காலை 11.50

விமானம், ரயில் பற்றி யாரும் சொல்லலை. தேதி மாற்றம் உறுதியாகும் வரை ரெண்டையும் தொடாதீங்க. விமான டிக்கெட்டை நீங்களே ரத்து செய்தாலும், அடிப்படைக் கட்டணம் முழுக்கப் பிடிச்சுட்டாலும், வரி, விமான நிலையப் பயனர் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம் திரும்ப வந்தாகணும், அது விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தோட (டிஜிசிஏ) விதி. ரயிலில், இந்த 2022 ஜனவரியில் இருக்கிற விதிப்படி, 48 மணி நேரத்துக்கு முன்னாடி உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தா ஆளுக்கு ஸ்லீப்பர் 120, மூணடுக்கு ஏசி 180 பிடிப்பாங்க, ஏசிக்கு ஜிஎஸ்டி வேற. கிளம்ப 48-லிருந்து 12 மணி நேரம் வரை இருந்தா 25%, 12-லிருந்து 4 மணி நேரம் வரை இருந்தா பாதி பிடிப்பாங்க.

மே 6 உறுதி மெயில் வந்ததும் 6 பேர் பேரும் ஆதாரில் இருக்கிற எழுத்தோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. மாற்றத்தில் பேரைத் திரும்பத் தட்டும்போது எழுத்து மாறிடும். அப்புறம் திருத்தப் போனா அதைப் பேர் மாற்றம்னு சொல்லித் தனிக் காசு கேட்பாங்க.