இருபது ஆண்டு ஒரு தரப்புக்கு வாதாடியவர் நடுநிலை நீதிபதியாக முடியுமா? – கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி

கேள்வி – சட்ட மாணவி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியான மோட்லியைப் பற்றிப் படித்துவருகிறேன். 1946-இல் கொலம்பியாவில் சட்டப் பட்டம் பெற்ற அவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள், கறுப்பினத்தவரின் உரிமைக்காக வழக்காடும் அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் பணியாற்றி, நிறப்பாகுபாட்டுக்கு எதிராக வழக்காடினார். 1964-இல் நியூயார்க் மாநிலச் செனட் உறுப்பினராகி, 1966-இல் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். இப்படி ஒரு தரப்பிலேயே நின்று போராடி, கட்சி வேட்பாளராகத் தேர்தலிலும் நின்ற ஒருவரால், வழக்கின் இரு தரப்பையும் ஒரே கண்ணோடு பார்க்க இயலுமா? மூத்தோர் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – ஓய்வுபெற்ற வழக்கறிஞர்

இந்தக் கேள்வி அவருடைய நீதிமன்றத்திலேயே எழுந்தது, அம்மா. பெண் வழக்கறிஞர்களைப் பணியமர்த்துவதில் பாகுபாடு காட்டியதாக சல்லிவன் அண்ட் குராம்வெல் என்ற பெரும் சட்ட நிறுவனத்தின்மீது தொடரப்பட்ட வழக்கு அவரிடம் வந்தபோது, அவர் விலக வேண்டும் என்று அந்நிறுவனத்தின் தரப்பு மனுச் செய்தது. 1975-இல் மோட்லி அதை மறுத்தார். நீதிபதியின் இனமோ பாலினமோ முந்தைய பின்னணியோ மட்டுமே விலகுவதற்குப் போதுமான காரணம் என்றால், அந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியுமே இவ்வழக்கை விசாரிக்க முடியாது என்று அவர் எழுதினார். ஆண் நீதிபதிக்கும் பாலினம் உண்டு, வெள்ளையருக்கும் இனம் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன உத்தரவை நான் படித்ததில்லை.

மறுமொழி – வரலாற்று ஆசிரியர்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஜேம்ஸ் மெரடித் என்ற கறுப்பின மாணவருக்கு 1962-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்த வழக்கை நடத்தியவர் மோட்லி. 1966 ஜனவரியில் அதிபர் ஜான்சன் அவரை நீதிபதிப் பதவிக்கு முன்மொழிந்தபோது, நீதிபதி நியமனங்களை ஆராயும் அமெரிக்கச் செனட்டின் நீதிக் குழுத் தலைவராக இருந்தவர் அதே மிசிசிப்பியைச் சேர்ந்த ஈஸ்ட்லாண்ட். அவருடைய எதிர்ப்பால் ஒப்புதல் ஆகஸ்ட் இறுதிவரை இழுத்தடிக்கப்பட்டது.

மறுமொழி – சட்ட மாணவி

நன்றி, ஐயா. ஆனால் விலக மறுத்தார் என்பது மட்டுமே நடுநிலைக்குச் சான்றாகுமா?

மறுமொழி – ஓய்வுபெற்ற வழக்கறிஞர்

ஆகாது, ஆகவே அவருடைய தீர்ப்புகளைப் பாருங்கள். 1978-இல், யாங்கீஸ் என்ற பேஸ்பால் அணியின் விளையாட்டரங்கில் இருந்த உடைமாற்று அறைக்குள் பெண் நிருபர்களுக்கு இருந்த தடையை அவர் நீக்கியபோது, அந்த அரங்கம் நியூயார்க் நகராட்சிக்குச் சொந்தமானது, குத்தகைக்கு விடப்பட்டது என்பதை முதலில் ஆராய்ந்தார். அரசின் தொடர்பு நிறுவப்பட்டால்தான், சட்டத்தின் சமமான பாதுகாப்பை அரசு எவருக்கும் மறுக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம் பொருந்தும். தமக்குப் பிடித்த முடிவை நோக்கிப் பாய்பவர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்.

மேலும், உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடிய 10 வழக்குகளில் 9-இல் வென்றார். தோற்ற ஒன்று, 1965-இல் தீர்ப்பான ஸ்வெயின் வழக்கு. காரணம் கூறாமலே கறுப்பின ஜூரர்களை (குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவினரை) விலக்கும் வழக்கத்தை அரசுத் தரப்பு தொடர அது இடமளித்தது. 1986-இல் பாட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிலையை மாற்றும்வரை, தாம் எதிர்த்து வாதாடித் தோற்ற அந்தத் தீர்ப்பு நீதிபதி மோட்லியையும் கட்டுப்படுத்தியது.